முனியாண்டி காத்த மேல்தண்டவாளம்

காலை எட்டு மணிக்குத் தாப்பாவில் பஸ் ஏறினேன். தானா ராத்தா அங்கிருந்து நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வளைவுகளில் அது நூறு மைலாகத் தெரியும். ரிங்லெட் தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பஸ்ஸே முணுமுணுத்தது. நான் சாத்தவில்லை. கோலாலம்பூரில், செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வெந்துகொண்டிருப்பவனுக்கு அந்தக் குளிர் இனாமாகக் கிடைத்தால் விடுவேனா?

எண்பதுகளின் தொடக்கம் அது. அக்காவைக் கட்டிக்கொடுத்த தேயிலைத் தோட்டத்துக்கு மாரியம்மன் திருவிழாதோறும் போய்வருவேன். உண்மையைச் சொன்னால், அக்காவைவிட அங்கிருந்த மேல்தண்டவாளத்தைப் பார்க்கத்தான் போவேன். மேல்லைன் என்ற மேட்டுக் குடியிருப்புப் பக்கம் பறித்த கொழுந்து மூட்டைகளைப் பேக்டரிக்குக் கொண்டுவருவதற்காக, நடுவிலிருந்த ஓடைப் பள்ளத்தின் மேல் உயரமான இரும்புக் கால்கள் நட்டுப் போட்ட பாதை அது. எஞ்சின் கிடையாது. நான்கு பேர் தள்ளும் டிராலிதான். லோரி வந்த பிறகு கொழுந்து அதில் வருவது நின்றுபோயிற்று. திருவிழாவன்று மட்டும் அம்மன் அந்த டிராலியில் ஏறிப் பள்ளத்தைக் கடந்து மேல்லைனுக்குப் போவாள். முதல் ஆளாக நின்று தள்ளுகிற உரிமை என் மச்சானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு. வாலிபத்தில் அதே டிராலியில் கொழுந்து தள்ளியவர்.

தானா ராத்தா பஸ் ஸ்டாண்டில் மச்சான் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு. பேக்டரி முற்றத்தைப் பெரிதாக்கி லோரிகள் நிற்க இடம் பண்ணப்போகிறார்களாம். தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விலை பேசியாயிற்றாம்.

“அப்ப இந்த வருஷம் அம்மன் எப்படிப் போகும் மச்சான்?”

“ரயில்லதான் போகும். நான் விட்டுருவனா? ஒரு வேல பண்ணிருக்கேன் மாப்ள, வந்து பாரு.”

பண்ணியிருந்த வேலையைப் பள்ளத்தில் இறங்கிக் காட்டினார். நடுக்காலின் அடியில் ஓடைக்கல் ஒன்று மஞ்சள் பூசி, பொட்டு வைத்து நின்றது. பக்கத்தில் சூலம். முனியாண்டியாம். இரும்பு வெட்ட வந்த சீன முதலாளி, தவுக்கே, இதைப் பார்த்ததும் ஆட்களை நிறுத்திவிட்டு, லோரியிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்திக் கும்பிட்டாராம். சாமி இருக்கிறவரை கை வைக்கமாட்டேன் என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு டிராலி தயார். வாழை கட்டி, சாமந்தி சுற்றி, மச்சான் புது வேட்டியில் கம்பியைப் பிடித்து நின்றார். மேளம் தொடங்கிவிட்டது. திருவிழாவுக்கு மட்டும் வேறு தோட்டத்திலிருந்து வரும் பண்டாரம், பூசைத் தட்டோடு பாதை ஓரத்துக்கு வந்தவர், கீழே எட்டிப் பார்த்தார்.

“அங்க யாரு?”

“முனியாண்டிங்க சாமி,” என்றார் மச்சான்.

“தலைக்கு மேல எப்படிப்பா போறது?”

“அம்மாதான போவுது.”

“அம்மா போலாம். தள்ளுற நாலு பேரு காலு எங்க மிதிக்கும்?”

மேளம் நின்றது. பண்டாரம் சொன்னது தப்பென்று சொல்ல அங்கே ஆள் இல்லை, மச்சான் உட்பட.

கோயில் தலைவர் மெதுவாகச் சொன்னார்: “கல்ல எடுத்து வேற எடத்துல வச்சிரலாம்லா. உத்தரவு கேட்டா முனி குடுப்பாரு.”

“எடுத்தா நாளைக்கே தவுக்கே வந்துருவாரு,” என்றார் மச்சான்.

பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லை எடுத்தால் இன்று ஒருமுறை தள்ளலாம். அத்தோடு பாதை போய்விடும். எடுக்காவிட்டால் பாதை நிற்கும். அதில் இனி எதுவும் ஓடாது. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டிராலியில் கட்டியிருந்த வாழையைப் பார்த்தேன்.

“இருக்கட்டும்,” என்றார். “லோரிய எடுத்துட்டு வாங்கடா.”

சாமந்தி மாலைகளை அவரே கழற்றி லோரியில் கட்டினார். நாங்கள் பெரிய ரோட்டைச் சுற்றி நான்கு மைல் போனோம். அவர் ஏறவில்லை.

மேல்லைனில் தண்டவாளம் முடியும் இடத்தில், ஆரத்தித் தட்டுகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தி. சேதி யாரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. எல்லோரும் பள்ளத்தைப் பார்த்து நின்றிருக்க, அம்மன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து இறங்கினாள். திரும்பிப் பார்த்த அக்கா தட்டை ஏந்தியபடியே கேட்டாள்: “ஒங்க மச்சான் எங்கடா?”

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வாழை மரம் மட்டும் கட்டிய டிராலியை, பள்ளத்தின் மேல் ஏற்றாமல், பேக்டரி கொட்டகையை நோக்கி அவர் தனியாளாகத் தள்ளிக்கொண்டு போனார்.