வாரம் ஒருமுறை கைதான ஏழுமலை

போன வாரம் திருவள்ளூரில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி. புதுச் சட்டங்கள் வந்த பிறகு போலீஸ்காரர்களை இப்படி அடிக்கடி கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். ஏ.சி. அறை, முந்திரி பிஸ்கட், சுவரில் புரொஜெக்டர். ‘கைது செய்யப்பட்டவரின் உரிமைகள்’ என்று திரையில் எழுத்து வந்ததும் பக்கத்தில் இருந்த ஏட்டு கண்ணை மூடிவிட்டார். நீண்ட சர்வீஸ், எந்த இடத்தில் தூங்கலாம் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ சாம்பார் தாளித்தார்கள். பெருங்காய வாசனை வந்ததுதான் தாமதம், எனக்கு ஏழுமலை ஞாபகம் வந்துவிட்டது.

ஏழுமலை போலீஸ்காரர் இல்லை. நான் பயிற்சி எடுத்த இடத்தில் சமையல்கட்டில் காய் நறுக்கியவர். சோழவரத்துக்காரர். எங்களுக்குச் சட்ட வகுப்பு எப்போதும் மதியம் இரண்டரைக்குத்தான். விடியற்காலையிலிருந்து மைதானத்தில் ஓடவிட்டு, வயிறு முட்டச் சோறு போட்டு, தகரக் கொட்டகையில் உட்கார வைத்து அரசியல் சட்டம் நடத்தினால் எவன் விழித்திருப்பான்? பூட்ஸுக்கு பாலிஷ் போடுவதில் தப்பு செய்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். மனிதனின் உரிமையில் தப்பு செய்தால் ஒரு மார்க் போகும்.

வாரத்துக்கு ஒருநாள் செய்முறை வகுப்பு. ஒருவன் கைது செய்ய வேண்டும், ஒருவர் கைதாக வேண்டும். குற்றவாளியாக நடிக்க எங்களில் ஒருவனும் சம்மதிக்கவில்லை. காக்கி போட வந்தவனுக்கு அவ்வளவு ரோஷம். அதனால் பாடம் நடத்தும் இன்ஸ்பெக்டர் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்புவார். ஏழுமலை ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வருவார்.

“இன்னிக்கு இன்னா கேஸு சார்? போன வாட்டி செயின் அறுப்பு.”

எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேட்ச் அவரைக் கைது செய்திருந்தது. அந்தக் கொட்டகையில் தூங்காமல் பாடம் கேட்ட ஒரே ஆள் குற்றவாளிதான். என் முறை வந்தபோது நான் விறைப்பாகப் போய் அவர் தோளில் கை வைத்து, “வாடா” என்றேன். அவர் நகரவில்லை.

“இன்னாத்துக்குப் புடிக்கிறன்னு சொல்லு சார் மொதல்ல. பேர் பேட்ஜ் எங்க? அரெஸ்ட் மெமோல சாட்சி கையெழுத்து யாருது? எங்க ஊட்டுக்கு யாரு சொல்றது?”

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “அக்யூஸ்டு பாஸு, நீ ஃபெயிலுய்யா.”

அன்றிலிருந்து சாயங்காலங்களில் நான் சமையல்கட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து ஒப்பித்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும் என்று நான் அடுக்கினால், “டாக்டர வுட்டுட்டியே நைனா” என்பார். பரீட்சையில் சட்டத்தில் நான்தான் முதல் மார்க். கொட்டகை முழுக்க அவர்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஸ்டேஷனில் போட்டார்கள். பேர் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கும் ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அங்கே போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஸ்டேஷனில் யாரையும் சட்டென்று கைது செய்வதில்லை. ‘விசாரணைக்கு வந்திருக்கிறார்’ என்பார்கள். வந்தவர் மூன்று நாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கிறார், அவ்வளவுதான். கைதே இல்லை என்றால் இருபத்து நான்கு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? இதைக் கண்டுபிடித்த மகான் எங்கள் பேட்சில் இருந்திருந்தால் முதல் மார்க் எனக்குக் கிடைத்திருக்காது.

ஒருநாள் காலையில் ஒரு கம்பெனியில் காப்பர் ஒயர் காணோம் என்று புகார். கான்ட்ராக்ட் ஆட்கள் ஆறு பேரை ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். ஆறாவதாக இறங்கியவர் ஏழுமலை. பயிற்சிப் பள்ளி வேலையை விட்டு அந்தக் கம்பெனி கேன்டீனுக்கு வந்து சேர்ந்திருந்தாராம். வாசலில் பாரா நின்ற என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“சார், நீயா! நல்லதாப் போச்சு. ஊட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும்ல, இவங்ககிட்ட நீ எடுத்துச் சொல்லு சார்.”

எஸ்.ஐ. திரும்பி என்னைப் பார்த்தார். “யோவ், இன்னா, உனக்குத் தெரிஞ்சவனா?”

“இல்லீங்கய்யா.”

யோசிக்கக்கூட இல்லை. புரொபேஷன் முடிய நாலு மாதம் இருந்தது, அதனால்தான் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஏழுமலையை உள்ளே கூட்டிப் போனார்கள். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. வாசலில் நிற்பவன் பார்க்க முடியாது. காது மட்டும் இருந்தது.

மறுநாள் அவர் மனைவி வந்தார்.

“எங்க ஊட்டுக்காரரு இங்க கீறாராண்ணா? பேரு ஏழுமலை. சுகர் மாத்திரை எடுத்தாந்துக்கிறேன்.”

அப்படி யாரும் இல்லை என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. இல்லாத ஆளுக்கு மாத்திரையை எப்படி வாங்கி வைப்பது? பிசகு வரக்கூடாது பாருங்கள். “அப்படி யாரும் இல்லம்மா” என்றேன். அந்த அம்மா எதிர்ப்பக்கம் புங்கமர நிழலில் பொழுது சாயும்வரை மாத்திரையோடு உட்கார்ந்திருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் ஒயர் கிடைத்துவிட்டது. கம்பெனி குடோனிலேயே தார்ப்பாய்க்கு அடியில் இருந்ததாம். எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார். “உன் எழுத்து மணிமணியா இருக்கும்யா, எழுது.” எழுதினேன். ‘விசாரணைக்கு நானாகவே வந்தேன். யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை. நல்ல முறையில் திரும்பிச் செல்கிறேன்.’ பேனாவை ஏழுமலையிடம் நீட்டினேன். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, இடது கையால் வாங்கினார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். தப்பைச் சுட்டிக்காட்டாமல் அவர் ஒரு வகுப்பையும் விட்டதில்லை.

“எங்க சார் போடணும்?”

அவ்வளவுதான் கேட்டார். படித்துப் பார்க்காமல் போட்டார்.

இப்போது அந்தத் தகரக் கொட்டகை இல்லை. அங்கே கண்ணாடி வைத்த கட்டடம் வந்துவிட்டது. கைது செய்து பழக ஆளுயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை வாங்கி வைத்திருக்கிறார்கள். அது எதையும் கேட்பதில்லையாம், அதனால் எல்லாருக்கும் நல்ல மார்க்காம்.

போன வாரம் திருவள்ளூர்ப் பயிற்சி முடிந்த மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சோழவரம் போனேன். சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தேன். ஆனால் ஒட்ட வெட்டிய தலைமுடியை வைத்தே போலீஸ் என்று எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏழுமலை வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“அவர ஸ்டேசனுக்கு இட்டுக்கினு போனாங்களே, அந்த வருசமே காலி பண்ணிக்கினு போய்ட்டாங்க.”

“எங்க போனாங்கன்னு தெரியுமாம்மா?”

“தெரியுமே” என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “போலீஸ்காரர் கேட்டா சொல்லியே ஆவணும்னு சட்டம் எதுனா கீதா சார்?”

சட்டத்தில் முதல் மார்க் வாங்கியவன் நான். “இல்லம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.