அரக்கோணம் வழியாக இல்லை

எங்கள் வீட்டில் பாலக்காட்டுக்குப் போக ஒரே வழிதான் உண்டு. பம்பாய் தாதரில் மெட்ராஸ் மெயில் ஏறுவது, அரக்கோணத்தில் இறங்குவது, அடுத்த வண்டி வருகிற வரைக்கும் பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சுகளோடு கிடப்பது, பிறகு பாலக்காட்டுக்கான ஸ்டேஷனான ஒலவக்கோட்டில் போய் விழுவது. வருஷா வருஷம் மே மாதம் இதேதான். அப்பாவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவருக்கு ஏன் தெரியப்போகிறது? ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பசித்தால் கையை நீட்டுவார். கைக்கு இட்லி வரும்.

இட்லி அம்மாவின் கூடையிலிருந்து வரும். முந்தின நாளே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, தயிர்சாதம் என்று வாழையிலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அடுக்குவாள். வண்டியில் எல்லோருக்கும் எடுத்துப் போடுவாள். எதிர் ஸீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கும் போடுவாள். அரக்கோணத்தில் குழாயடியில் நின்று பாத்திரம் தேய்ப்பாள். ஊரில் பெரியப்பா வீட்டுக்குள் கால் வைத்ததும், "வந்துட்டயா, அப்பாடா!" என்று பெரியம்மா கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். இங்கே ஓர் அடுப்பு, அங்கே ஓர் அடுப்பு, நடுவில் கூடை. இதற்குப் பெயர் லீவு.

நான் அப்போது பல்லார்ட் எஸ்டேட்டில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஜன்னலைத் திறந்தால் கப்பல்களின் புகைபோக்கிகள் தெரியும். சாயங்காலம் மாட்டுங்கா வீட்டுக்கு வந்து, இன்றைக்கு இன்ன கப்பல் வந்தது, இத்தனை பெரியது, வெள்ளை வெளேரென்று இருந்தது என்று அளந்துகொண்டிருப்பேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்பாள். காதில் விழுகிறதோ இல்லையோ என்றுதான் நினைத்திருந்தேன். நன்றாகவே விழுந்திருக்கிறது. அந்த ஏப்ரலில் அப்பா ரயில் டிக்கெட்டுக்குக் கிளம்பிச் செருப்பில் காலை விட்டபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தத் தடவை அரக்கோணம் வேண்டாம்."

"வேண்டாமா? அரக்கோணம் இல்லாம பாலக்காடு எப்படி வரும்? நடந்து போறதா?"

"கப்பல்ல போலாமே, ஏன்னா."

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் முறைத்தார். "எல்லாம் நீ ஏத்திவிட்டது!"

"ஆமாம், நான்தான்," என்றேன். வாய் எனக்கு அப்போதே கொஞ்சம் நீளம். இப்போது குறைந்துவிட்டதா என்று யாரும் கேட்க வேண்டாம்.

எனக்கு அந்த வருஷம் லீவு கிடையாது, போகப்போவது அவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் விசாரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மத்தியான இடைவேளையில் இரண்டு கப்பல் கம்பெனிகளுக்கும் படியேறி இறங்கினேன்.

முதலாவது கோவாவுக்குப் போகிற கப்பல். கோவா நம்மோடு சேர்ந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஏறினால் கொங்கணக் கரையை ஒட்டியே போய், வழியில் ஊர் ஊராக நின்று, மறுநாள் காலையில் இறக்கிவிடுவார்களாம். "உட்கார இடம்?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு, "டெக்கில் ஜமக்காளத்தை விரிக்கிற இடம் உங்கள் இடம் பாய்," என்றார். புடவை கட்டிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, அண்ணன் என்கிற மாதிரி, பாய்! சாப்பாடு? அதை அவரவர் கொண்டுபோக வேண்டும். கோவாவில் இறங்கி அங்கிருந்து ரயில், மாறி மாறி இன்னொரு ரயில். கணக்குப் பார்த்தால் ஓர் அரக்கோணத்துக்குப் பதில் மூன்று அரக்கோணம்.

இரண்டாவது வெளிநாட்டுக் கம்பெனி. அதன் கப்பல் பம்பாயைத் தொட்டுக் கொழும்புக்குப் போகிற வழியில் கொச்சியில் நிற்கும். இடம் மீதி இருந்தால் கொச்சி வரைக்கும் டிக்கெட் கொடுப்பார்கள். கொச்சியிலிருந்து ஊருக்கு ஒரே ரயில், சில மணி நேரம்தான். அந்த ஆபீசில் கம்பளம் விரித்திருந்தது. ஒரு பார்ஸி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகா பொறுமைசாலி. "மாமிசம் சமைத்த கரண்டியாலேயே உருளைக்கிழங்கை எடுப்பார்களா?" என்று கேட்டேன். சிரிக்காமல் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "சைவக்காரர்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. சாதம், தயிர், பழம், ரொட்டி, வெண்ணெய் எல்லாம் மேஜைக்கு வரும்," என்றாள்.

அன்று சாயங்காலம் இரண்டையும் வீட்டில் விரித்து வைத்தேன். அப்பாவுக்குக் கோவாக் கப்பல்தான் பிடித்தது. "கரை கண்ணுக்குத் தெரிஞ்சுண்டே இருக்கும். நம்ம மனுஷா இருப்பா. நம்ம ஆத்துச் சாப்பாடு. வேற என்ன வேணும்?"

நான் கொச்சிக் கப்பலுக்காக வாதாடத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அம்மா குழம்பை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எந்தக் கப்பல்ல அவாளே சாப்பாடு போடுவா?"

"கொச்சிக் கப்பல்ல."

"அப்ப அதுலதான்," என்றாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கடல், காற்று, டெக், புகைபோக்கி என்று நான் மாதக்கணக்கில் கதை விட்டிருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டு நாள் யாராவது ஒருத்தர் சாதம் போட்டு அவள் சாப்பிடுவது. இந்த மனுஷி கப்பல் ஏறாமல் நான் விடப்போவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அப்பா லேசுப்பட்டவரா? பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "கப்பல் வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம். தெற்கே கிளம்பவே கூடாது. கோவாக் கப்பல்னா இன்னொரு நாள் பாத்துப் போகலாம். நான் என்ன பண்ணட்டும், சாஸ்திரம் அப்படிச் சொல்றது!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"பரஸ்தானம் வெச்சுடலாம் அப்பா," என்றேன். "புதன்கிழமையே நல்ல நேரத்துல ஒரு பையை வேற ஆத்துல கொண்டு வெச்சுட்டா, பிரயாணம் அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. வியாழக்கிழமை வழியில அதை எடுத்துண்டு போக வேண்டியதுதான். நாக்பூர் போறச்சே நீங்களே அப்படித்தானே பண்ணினேள்?"

அப்பா பஞ்சாங்கத்தை மூடினார். அவர் சாஸ்திரத்தை அவர் மேலேயே திருப்பிப் போட்டால் அவரால் மறுபேச்சுப் பேச முடியாது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கப்பலானாலும் கூடை வேண்டும். கண்டவன் கையால் அவர் சாப்பிட மாட்டார். அம்மா மறுநாளே புளியை ஊறப்போட்டாள்.

புதன்கிழமை காலை நான் ஆபீசுக்குப் போன பிறகு அப்பா ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்து மாமி வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதால் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை நான் அரை நாள் பர்மிஷன் வாங்கியிருந்தேன். அப்பா சூலத்துக்குப் பரிகாரமென்று உச்சியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டார். மூன்று மாடி இறங்கி, பெட்டியைத் தெருவில் வைத்து, டாக்ஸி பிடித்துச் சாமானை ஏற்றுகிற நேரத்தில், "டிக்கெட் பத்திரமா?" என்று கேட்டேன்.

"பரஸ்தானப் பையில இருக்கு."

"என்னது?"

"வெறும் வேஷ்டியை வெச்சா அது பரஸ்தானமா? பிரயாணத்துக்கு உயிரா இருக்கறதை வெக்கணும். டிக்கெட்டைத்தான் வெச்சேன்," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

சரி என்று எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன். மாமி வீட்டுக் கதவில் ஒரு பூட்டு. ஆட்டிப் பார்த்தேன். கீழே வந்து மளிகைக் கடைக்காரரைக் கேட்டேன். "மாமி? ஸுபா ஸுபா செம்பூர் கயி. பேட்டிக்கு வலி கண்டுடுச்சாம்," என்றார், பாதி அவர் பாஷையிலும் பாதி எங்கள் பாஷையிலும். பெண்ணுக்குப் பிரசவ வலி என்று மாமி விடிகாலையிலேயே செம்பூருக்குப் போய்விட்டாளாம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். நான் வந்து சொன்னதும் அப்பா வானத்தைப் பார்த்தார். "பாத்தயா? சூலம்! நான் சொன்னேனோ இல்லையோ? தெய்வமே தடுக்கறது. பெட்டியை மேல கொண்டுபோ. அடுத்த வாரம் மெயில்ல போவோம். அரக்கோணம் எங்கயும் ஓடிப்போகாது."

சொல்லிக்கொண்டே அவர் படியில் ஏறத் தொடங்கினார். அம்மா ஏறவில்லை. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தாள், நட்ட நடுத் தெருவில், பூக்காரிகளும் பால்காரனும் பார்க்க.

"எழுந்து வாடீ," என்றார் அப்பா.

"பிரயாணத்துக்குப் படி இறங்கியாச்சு. திரும்ப ஏறினா அபசகுனம். நீங்கதானே சொல்வேள்?" குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஏற மாட்டேன்."

அப்பா ஒரு காலை முதல் படியிலும் ஒரு காலைத் தெருவிலுமாக வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அதே டாக்ஸியில் பாய்ந்து ஏறி, "செம்பூர், சர்தார்ஜி! ஜல்தி!" என்றேன்.

அந்தச் சர்தார்ஜி நன்றாக இருக்க வேண்டும். சயானில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து, லாரிக்காரனோடு ஒரு சண்டையும் போட்டு, செம்பூரில் என்னை இறக்கினார். மாமியின் பெண் வீடு எனக்குத் தெரியும், சீமந்தத்துக்கு வந்திருந்தேன். அங்கே பிரசவ ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்கள். மாமி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி கொழந்தே! பேரன் பொறந்திருக்கான்! வாயைத் தொற," என்று ஒரு பிடி சர்க்கரையை என் வாயில் அடைத்துவிட்டாள். சாவி என்று நான் சொல்ல முயன்றது வெளியே வரவில்லை. அவள் இடுப்பில் தொங்கிய கொத்தைக் கையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தேன்.

"அட ராமா! உங்கப்பா பை!" என்று தலையில் அடித்துக்கொண்டு சாவியைக் கழற்றிக் கொடுத்தாள் மாமி.

பூட்டைத் திறந்து பையோடு திரும்பி வந்தபோது அம்மா அதே பெட்டி மேல் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இதை நான் சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், பார்த்தவள் நான்.

பல்லார்ட் பியர் கப்பல்துறையில் நாங்கள்தான் கடைசி. கூலிக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, அப்பா டிக்கெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினார். கப்பல் ஏணிக்கு அடியில் சட்டென்று நின்றார்.

"கூடை எங்கே?"

டாக்ஸியில் இல்லை. கூலிக்காரன் கையிலும் இல்லை.

"அடடா!" என்றாள் அம்மா. "மறந்துட்டேனே!"

கடுகு டப்பா முதல் கற்பூரம் வரை எதையும் மறக்காத மனுஷி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று ஏணியில் ஏறிவிட்டாள். வேறு வழியில்லாமல் அப்பாவும் பின்னாலேயே ஏறினார். கப்பல் நகர்ந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அப்பா கை காட்டினார். அம்மா கப்பலின் உள்பக்கம் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் அரை நாள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கூடை சமையலறையில், கதவுக்குப் பின்னால், என் தட்டால் மூடியிருந்தது. திறந்தேன். புளியோதரையில் எனக்குப் பிடித்த மாதிரி வேர்க்கடலை அதிகம். அப்பாவுக்கு வேர்க்கடலை ஆகாது. அவருக்குக் கட்டியிருந்தால் அதில் ஒன்றுகூட இருந்திருக்காது.

திரும்பி வரும்போது அவர்கள் ரயிலில்தான் வந்தார்கள், அரக்கோணம் வழியாக. எதிர்க் கட்டடத்து மாமி பேரனைக் கையில் ஏந்திக்கொண்டு கப்பல் கதை கேட்க வந்தாள். அப்பா கப்பலின் நீளம், அகலம், மாலுமிகளின் சட்டை, கொச்சித் துறைமுகம் எல்லாவற்றையும் தான் கட்டின கப்பல் மாதிரி விவரித்தார். வெண்ணெய் ரொட்டிகூட ஒன்றும் மோசமில்லை என்றார். மாமி அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. சமுத்திரம் எப்படி இருந்தது?"

"சமுத்திரத்தை யாரு பாத்தா மாமி?" என்றாள் அம்மா, காய் நறுக்குவதை நிறுத்தாமல். "சாப்பாட்டுக்கு ஒரு மணி அடிப்பான். அது எப்ப அடிக்கும், எப்ப அடிக்கும்னு பாத்துண்டிருந்தேன்."

"அவ்வளவு பசியா?"

"பசியெல்லாம் இல்லை. அந்த மணியை எனக்கும் சேத்துன்னா அடிச்சான்!"