கிருமிகளைக் குளிப்பாட்டிய மேலாளர்

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் ஆலையில் ஜலீலாவுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை, கழிவுத் தொட்டியைக் காப்பது. மீன் ஊறிய உப்புநீரில் சாதாரணக் கிருமிகள் பிழைக்காது. உப்பளத்துச் சிவப்புத் தண்ணீரில் வாழும் கிருமிகளோ உப்பு இல்லாவிட்டால்தான் சாகும். அவற்றைக் கொண்டுவந்து வளர்த்து, மீன் கழிவைத் தின்னவைத்தவள் அவள். தொட்டி சிவந்திருந்தால் கடலுக்குப் போகும் தண்ணீர் சுத்தம். இதை மேலாளர் மொன்ஸெஃபிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

அவரோ முதலாளியின் தங்கையைக் கட்டியதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாதவர். சட்டையில் சுருக்கம் விழுந்தால் மட்டும் உடனே கண்டுபிடிப்பார்.

ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க அதிகாரி வரவேண்டிய வாரம், ஜலீலா இரண்டு நாள் விடுப்பில் இருந்தாள். மொன்ஸெஃப் தொட்டியை எட்டிப் பார்த்து, அழுக்கு என்று முடிவு கட்டினார். லாரியில் உப்பில்லாத நல்ல தண்ணீர் வரவழைத்துத் தேய்த்துக் கழுவி, புதுக் கழிவை நிரப்பச் சொன்னார். ஜலீலா திரும்பி வந்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது.

"மொன்ஸெஃப் ஐயா, தொட்டிய என்ன பண்ணீங்க?"

"பளபளன்னு ஆக்கிட்டேன். நீ இத்தன வருஷத்துல ஒரு நாளாவது கழுவினியா?"

"நல்ல தண்ணி பட்டா அதுங்க வெடிச்சுச் செத்துடும்."

"கிருமிதானே, சாகட்டுமே. அதிகாரி கேட்டா வெயில்ல செத்துப்போச்சுன்னு சொல்லு. இல்லன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

அன்று மதியமே அதிகாரி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். தொட்டிக்கு என்ன ஆனது என்று ஜலீலாவைப் பார்த்துக் கேட்டார். வேலை போனால் போகட்டும், இந்த ஆளுக்காகப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியது.

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இவர் குளிப்பாட்டிட்டாரு."

தொட்டி மறுபடி சிவக்கும்வரை ஆலை மூடப்பட்டது. கூலி போனதற்கு ஜலீலாவைக் குறை சொல்லிவிட்டு, அங்கே மீன் அறுக்கும் எண்பது பெண்களும் மொன்ஸெஃபிடம் போய் ஆறுதல் சொன்னார்கள்.

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று அவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டு வஸீலா ஜலீலாவிடம் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர்களுக்காகவா மெனக்கெட்டோம் என்று ஜலீலாவுக்கு அருவருப்பாக இருந்தது.

அவளை நீக்க மொன்ஸெஃபால் முடியவில்லை, கிருமி வளர்க்க வேறு ஆள் கிடையாது. உப்பளத்திலிருந்து சிவப்புத் தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்து வந்தாள். இருபத்தோராம் நாள் தொட்டி சிவந்தது, அனுமதி வந்தது. மொன்ஸெஃப் புதுச் சட்டையில் தொட்டியருகே நின்று, கைபேசியை ஜலீலாவிடம் நீட்டினார்.

"நல்லா எடு, முதலாளிக்கு அனுப்பணும்."

எடுத்தாள். படத்தில் தொட்டி முழுசாக விழுந்தது. அவருடைய கழுத்துக்கு மேலே எதுவும் விழவில்லை. முக்கியமானது எதுவும் விட்டுப்போனதாக அவளுக்குத் தோன்றவில்லை.