முட்டிப் பாலம் அந்தோணி

தெலுக் இந்தான் சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், போன வாரம், யாரோ மேசையில் விட்டுப்போன பத்திரிகையில் அந்தோணி அண்ணனின் படத்தைப் பார்த்தேன். மரண அறிவிப்பு. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘முட்டிப் பாலம் அந்தோணி’ என்று போட்டிருந்தார்கள். துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்தேன். அழ வேண்டிய நேரத்தில் அப்படிச் செய்தேனே என்று இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஈப்போவில் இருக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். அது வந்த கதை சிலருக்குத் தெரியாது. தோட்டம் கைமாறியதும் ரப்பர் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலையை விட்டு ஈப்போவுக்கு வந்தவர் அண்ணன். கேட், ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் மாதா கோயில் வளாகத்தில் பிள்ளைகள் ஏறிப் போக ஒரு குட்டி ரயில் ஓட்ட நினைத்தார்கள். புல்வெட்டி மோட்டார் வைத்த எஞ்சின், ஓட்டுபவர் அதற்குள் காலை மடக்கி உட்காருவார்; பின்னால் குறுகலான பலகை வண்டிகள். அந்த வண்டிகளில் குதிரைமேல் உட்காருவதுபோல் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். வழியில் மழைநீர் ஓடும் அகலமான லோங்காங் வாய்க்கால். அதன்மேல் பாலம் போடுவது எங்கள் பொறுப்பு.

இரண்டு இரும்பையும் பலகையையும் போட்டால் போதும் என்றேன். அண்ணன் கேட்கவில்லை.

“கட்டுனா நெஜ ரயில் பாலம் மாதிரி கட்டணும் லா. வா, போயி பாத்துட்டு வருவோம்.”

மோட்டார் சைக்கிளில் கோலக்கங்சார் பக்கம் போய், ஆற்றின்மேல் நிற்கும் ரயில் பாலத்தை வாய் பிளந்து பார்த்தோம். அதேபோல ஆங்கிள் இரும்பை வெட்டி, இருபுறமும் முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் வைத்து, இடுப்புயரத்துக்குச் சட்டங்களை நிறுத்தினோம். அசல் பாலத்தைப் போலவே வண்டியை ஒட்டி, நெருக்கமாக. பாரம் தாங்குமா என்று மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினோம். பாலம் அசையவில்லை. அண்ணன் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

திறப்பு நாளன்று முதல் வண்டியில் பாதர் ஏறினார். எஞ்சின் பாலத்துக்குள் போனது. பாதரின் இரண்டு முழங்கால் முட்டிகளும் முதல் சட்டத்தில் போய் இடித்தன. அங்கி கிழிந்தது, ரயில் நின்றது, பின்னால் இருந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரே ஒரு ஆளை உட்காரவைத்துப் பார்த்திருந்தால் போதும். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நாசி லெமாக் சோறு விற்ற கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அண்ணனோ பாதரைத் தூக்கிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“மணல் மூட்டைக்குக் கால் இல்ல பாதர், நாங்க மறந்துட்டோம். எறங்கி நடந்து வாங்க, பாலம் தாங்கும் லா.”

அடுத்த வாரமே பாலத்தைப் பிரித்து அகலமாக்கினோம். அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகள் அதில் போனார்கள். ஆனால் திறப்பு நாளன்று ஒட்டிய ‘முட்டிப் பாலம்’ என்ற பெயர் போகவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் “முட்டிப் பாலம் கட்டுன ஆளு யாரு?” என்பார்கள். நான் கிரைண்டரைப் போட்டு அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொள்வேன். அண்ணன், “நாந்தான் லா. ஒங்க கேட்டுல கால் போக எடம் விட்டுர்றேன், பயப்படாதீங்க” என்பார். ஒருநாள் என்னிடம், “சிரிச்சிட்டுப் போறாங்க, விடு ராயப்பா. பாலம் நிக்குதுல்ல?” என்றார். என்னால் விட முடியவில்லை. தெலுக் இந்தானில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். இருவருக்கும் உரிய பெயரை அவர் ஒருவரே சுமந்தார்.

அடக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி மேரி அக்காவிடம், “அந்தப் பேர பேப்பர்ல போடணுமாக்கா?” என்று கேட்டே விட்டேன்.

“அவருதான் சொல்லி வச்சாரு தம்பி. ஈப்போவுல எத்தன அந்தோணி இருக்கு, அந்தப் பேரு போடலன்னா எவன் வருவான்னாரு.”

வந்திருந்தார்கள். குட்டி ரயிலில் போன பிள்ளைகள் மீசை வைத்த ஆட்களாகிச் சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவன், “நீங்க யாரு அங்கிள்?” என்று கேட்டான்.

“முட்டிப் பாலம் ராயப்பன்” என்றேன். காது சூடேறியது. அவன் சிரித்தான், பிறகு நகர்ந்து, பெட்டியைத் தூக்க எனக்கும் இடம் விட்டான்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பெயரில் பாதியை. எங்கேயாவது என்னைக் கண்டால் அப்படியே கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறேன்.