ஏரியின் மேல் நின்று ஏரியைத் தேடினோம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓஸ்டர்முண்டிகன் ரயில் நிலையத்தில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மைனஸ் ஆறு. நான் வேலை செய்வது உறைந்த உணவுக் கிடங்கு ஒன்றில். வாரத்தில் ஐந்து நாள் மைனஸ் இருபத்திரண்டில் பெட்டி அடுக்குகிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். லீவு நாளில் சும்மா குளிருக்குள் போகிறவனை என்னவென்று சொல்வது?

போனதற்குக் காரணம் ஒரு படிவம். இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வேன் என்று எழுத வேண்டியிருந்தது. நித்திரை கொள்வேன் என்பதுதான் உண்மை. என்னோடு வேலை செய்யும் குகன் ஏற்கெனவே சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்தவன். "வன்டர்ன் எண்டு எழுதுங்கோ அண்ணை. மலையிலை நடக்கிறது. இவங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்றான். எழுதிவிட்டேன். வரும் வியாழன் நேர்முகம். எங்கே நடந்தீர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஒரு மலையிலும் நான் கால் வைத்ததில்லை. பொய் என்று பிடித்தால் விண்ணப்பம் அதோடு போய்விடும். ஒரு தடவையாவது நடந்துவிட்டால் அது பொய் இல்லை. எழுத வைத்தவனையே இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஆளுக்கு 39 பிராங், நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட். பேர்ன், ஸ்பீட்ஸ், ஸ்வைசிமன், க்ஸ்டாட் என்று ரயில் மாறி மாறிப் போனோம். ரயிலில் எல்லோரும் பனிக்கென்றே தைத்த உடுப்போடு இருந்தார்கள். நான் போட்டிருந்தது வேலை ஜக்கெட். செம்மஞ்சள் நிறம், நெஞ்சிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி. அதைவிடச் சூடான உடுப்பு என்னிடம் இல்லை.

க்ஸ்டாட்டிலிருந்து லாவெனன் கிராமத்துக்குப் பஸ். சாரதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று கேட்டார். விளக்கம் சொல்லப் பஞ்சியாக இருந்தது. ஆம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு இருந்தேன். பாவம் என்றார்.

பத்து மணியளவில் லாவெனனில் இறங்கினோம். கடல்மட்டத்திலிருந்து 1241 மீற்றர். நாங்கள் போக நினைத்த ஏரி 1381 மீற்றரில். குளிர்காலத்தில் ஏரிக்குப் போகும் வீதியில் வாகனம் போகாது. பனியை உருளை போட்டு அமுக்கி நடக்க விட்டிருக்கிறார்கள். குளிர்கால நடைக்கான வழிகாட்டிப் பலகை ரோஸ் நிறம். அதில் எத்தனை கிலோமீற்றர் என்று இல்லை. எத்தனை மணி நேரம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். யாருடைய காலுக்குக் கணக்குப் பார்த்து எழுதினார்களோ தெரியாது. எங்களுக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு பிடித்தது.

எதிரே வந்த அத்தனை பேரும் வணக்கம் சொன்னார்கள். "க்ரூஎசெக், க்ரூஎசெக்" என்று பதில் சொல்லி எனக்கு வாய் வலித்தது. எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பதினொரு வருடமாக என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. இது என்ன நாடு என்று குகனைக் கேட்டேன்.

"மலையிலை சொல்லுவினம் அண்ணை. கீழை இறங்கினாப் பிறகு எதிர்பாக்காதேங்கோ."

எத்தனையாவது மீற்றரில் அந்த வணக்கம் தொடங்குகிறது என்று அவனுக்கும் தெரியவில்லை.

பாதி வழியில் ஒரு இளம் தம்பதி எங்களை எட்டிப் பிடித்தது. சறுக்கு வண்டியில் சிவப்புத் தொப்பி போட்ட மகளை இருத்தி இழுத்து வந்தார்கள். மேலே எல்லாம் சரியா, திறந்திருக்கிறதா என்று அந்த மனிதன் என்னிடம் கேட்டான். குகனிடம் கேட்கவில்லை. ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை. வீதியைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "யா, யா" என்று ஆமாம் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பாணும் பாலும் கொடுக்க ஓரமாக நின்றார்கள். நாங்கள் நடந்தோம்.

ஒரு மணிக்குச் சற்று முன்பு ஏரி என்று எழுதிய பலகை வந்தது. ஏரி வரவில்லை. சுற்றிவர மலை, மரம், நடுவில் வெள்ளை வெளி. அவ்வளவுதான்.

"எங்கையடா ஏரி?"

"இஞ்சைதான் எங்கையோ இருக்கோணும். அந்தப் பக்கம் போய்ப் பாப்பம்."

எதிர்ப்பக்கம் வெயிலில் உட்கார ஒரு மர வாங்கு தெரிந்தது. அங்கே இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி ஏரியைப் பார்க்கலாம் என்று வெளிக்குக் குறுக்கே நடந்தோம். பனி முழங்கால் வரை. ஐம்பது அறுபது மீற்றர் போனபின் காலடியில் கோரைப்புல் நுனிகள் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன். தண்ணீரில் வளரும் புல். அதே நேரம் கீழே எங்கோ நீளமாக ஒரு முனகல் ஓடியது.

"அண்ணை," என்றான் குகன். "இதுதான் ஏரி."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் காலடித் தடத்திலேயே அந்தத் தம்பதி வந்துகொண்டிருந்தது, வண்டியில் பிள்ளையோடு. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். முன்னால் வந்தவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பஸ் சாரதியின் கேள்வி. வீதியில் இவன் கேட்ட கேள்வி. ஐஸைப் பரிசோதிக்க வந்த ஆள் என்று என்னை நினைத்திருக்கிறார்கள்.

இரண்டு கையையும் விரித்து, நில்லுங்கள், திரும்புங்கள் என்று அவர்களுடைய டொச் மொழியில் கத்தினேன். அவன் நின்றான். ஆனால் திரும்பவில்லை. நீங்கள்தானே சரி என்றீர்கள் என்றான்.

நான் இங்கே வேலை செய்யவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வன்டர்ன் செய்ய வந்தவன் என்றேன். அந்தச் சொல்லை உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் முகம் வெளுத்தது. பாரம் ஒரே இடத்தில் சேரக்கூடாதென்று தாய் பிள்ளையைத் தூக்கவில்லை. வண்டியின் கயிற்றை நீளமாக விட்டு, மெதுவாகப் பின்னால் போனாள். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுப் போகச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் கடைசி. கரை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் நின்ற இடத்தைப் பார்த்துத்தான் கரை என்று நினைத்தேன்.

அங்கே அவன் என்னை ஏசினான். அப்படியென்றால் ஏன் இந்த உடுப்பு என்று கேட்டான். குளிருக்கு என்றேன். குகன் இடையில் புகுந்து ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தான். வாயை மூடடா என்றேன். அந்தத் தகப்பன் ஏசியது நியாயம். தெரியாத கேள்விக்கு யா என்றவன் நான். சிவப்புத் தொப்பிப் பிள்ளை போகும்போது எனக்குக் கை காட்டியது. அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தேத்தண்ணீரைத் திரும்பும் பஸ்ஸில்தான் குடித்தோம்.

"வியாழக்கிழமை கேட்டால், ஏரி நல்ல வடிவு எண்டு சொல்லுங்கோ," என்றான் குகன்.

"நான் எங்கையடா ஏரியைக் கண்டனான்?"

எங்கள் கிடங்கில் நிற்கக் கூடாத இடத்தில் மஞ்சள் கோடு கீறியிருக்கும். மேலே அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. இருபத்தாறு வருடமாக நான் எதைச் சொன்னாலும் தாள் எங்கே என்று கேட்ட நாடு இது. அதே நாடு அன்றைக்கு ஒரு ஜக்கெட்டைப் பார்த்து, நான் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பி, பிள்ளையை ஐஸ் மேல் கொண்டுவந்தது. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை தாள்களோடு போவேன். ஜக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன்: ஒரு தடவை நடந்தேன். ஏரியைக் காணவில்லை.