சித்தப்பா தட்டினால் வரும்

எங்கள் ஊர் ஏரியில் முதலை இருந்தது என்று சொன்னால், இன்று அதன் கரையில் அடுக்குமாடி வீடு வாங்கியிருப்பவர்கள் நம்புவதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூர் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஏரி. எண்பதுகளின் கடைசியில் ஒரு பெருமழைக்குப் பிறகு அந்த முதலை எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. முதலில் வாத்துகள் குறைந்தன. பிறகு ஒரு ஆட்டுக்குட்டி போயிற்று.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பஸ் நிறுத்தத்தில் கோழிக்கடை வைத்திருந்தார். தினமும் ஒரு பக்கெட் நிறையக் குடலும் தலையும் சேரும். அதை ஏரிக்குக் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்தார். வயிறு நிறைந்திருந்தால் அது ஏன் ஆட்டைத் தேடி வரப்போகிறது என்பது அவர் எண்ணம். ஊருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். துவைக்கிற கல்லின் மேல் தகர பக்கெட்டை ஓங்கித் தட்டுவார். தண்ணீரில் ஒரு கோடு கிளம்பி நேராக எங்களை நோக்கி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்காரர்கள்கூடக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

வனத்துறையினர் வந்து கரையில் பலகை நட்டார்கள். இரண்டாவது படித்த நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதலைக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று இருந்தது.

“முதலை வந்து கேஸ் குடுத்துச்சா சார்?” என்றார் சித்தப்பா. கூட்டம் சிரித்தது.

வனக் காவலர் சிரிக்கவில்லை. “அதக் கைக்குப் பழக்காதப்பா. அடுத்த வாட்டி பாத்தா ஜெயில்தான்.”

அவர்கள் போன பிறகு டீக்கடையில் ஒரே பேச்சு. நமக்கு ரோடு போட வக்கில்லை, முதலைக்குச் சட்டம் போட்டுகினு கீறாங்க என்றார் ஒருவர். முதலையைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம் என்று ஊர் முழுக்க நம்பியது.

ஜெயில் என்றதும் சித்தி பயந்துவிட்டாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். சித்தப்பா செய்தார்.

மறுநாளிலிருந்து நாங்கள் பக்கெட்டோடு மறுகரைக்குப் போனோம். அங்கே பனைமரங்கள் மறைத்துக்கொள்ளும். சைக்கிள் பாரில் என்னையும் உட்காரவைத்துக்கொள்வார். சித்திக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

கோடையில் அடிபம்பு காய்ந்துபோனது. சித்தி துணிகளைத் தகர பக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனாள். கூடவே பக்கத்து வீட்டு அக்காவும் போனாள். இவர்தான் நிறுத்திவிட்டாரே, அது இந்தப் பக்கம் வராது என்று அந்த அக்காவுக்குத் தைரியம் சொன்னது சித்திதானாம். பக்கெட்டைக் கல்லின் மேல் ணங்கென்று வைத்திருக்கிறாள். அலசுவதற்காகத் தண்ணீரில் கையை விட்டபோது அது வந்துவிட்டது. அக்கா தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் உயிர் மிஞ்சியது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

வனத்துறையினர் இரும்புக் கூண்டு கொண்டுவந்து உள்ளே இறைச்சி கட்டினார்கள். அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த சித்தியின் அண்ணன்கள் அவர்களிடம் கத்திக்கொண்டே இருந்தார்கள். அண்ணன்களில் பெரியவர் சித்தப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டார். “நீ அழாத மச்சான். இவங்கள நான் சும்மா வுடமாட்டேன்.”

காத்திருந்து அலுத்துப்போன வனக் காவலர், இனி அது வராது, நாளைக்குக் கூண்டை எடுத்துவிடுவோம் என்றார்.

சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். பக்கெட்டோடு திரும்பி வந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தட்டினார்.

மறுகரைப் பனைமரங்களின் பக்கமிருந்து கோடு கிளம்பியது. நேராக வந்து கூண்டுக்குள் நுழைந்தது. கதவு விழுந்தது.

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

“எது வரைக்கும் போட்ட?” என்று கேட்டார் காவலர்.

“கை போச்சே சார், அதுக்கு முந்தின நாளு வரைக்கும்.”

பெரிய மாமா சித்தப்பாவை விட்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். “அவ தலைல கைவெச்சு சொன்னியே மச்சான்,” என்றார், மெதுவாக. சித்தப்பா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். முதலையைப் பிடித்துக் கொடுத்தவரை மரியாதையோடு ஜீப்பில் அழைத்துப்போகிறார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

சித்தியை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன்கள் நேராக ஊரப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். சித்தப்பா திரும்பி வந்த பிறகும் அவள் வரவில்லை. ஒரு நாள் சின்ன மாமா வந்து வாசலிலேயே நின்றார். அம்மா சித்தியின் புடவைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். பல்லிக்கு வால் திரும்ப முளைப்பதைப் பார்த்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் எதற்கு அனுப்புகிறாய், கை வளர்ந்ததும் சித்தி இங்கேதானே வருவாள் என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அம்மா பெட்டியைப் பூட்டிச் சாவியை மாமாவிடம் கொடுத்தாள்.