பௌர்ணமி அன்னிக்குப் போட்ட ரிட்டர்ன்

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குப் பக்கத்துல, எங்க வீட்டு மாடியில மூணு ரூம் வாடகைக்கு விடறோம். அந்த வருமானத்துக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தர்றவரு ஒருத்தர் வேங்கிக்கால்ல ஆபீஸ் வெச்சிருக்காரு. ஆடிட்டர் பரீட்சை எதுவும் எழுதினவர் இல்ல, ஆனா எல்லாரும் அவரை ஆடிட்டர்னுதான் கூப்பிடுவாங்க. என்னைவிட சின்னவரு, அதனால எனக்குத் தம்பி.

என் பொண்ணுக்குக் கோயம்புத்தூர்ல மேல்படிப்புக்கு இடம் கெடைச்சப்ப பேங்க்ல கடன் கேட்டோம். ஆபீசர் பேப்பரையெல்லாம் புரட்டிப் பார்த்துட்டு, "போன வருஷ ரிட்டர்னை உறுதி செய்யவே இல்ல, அது செல்லாதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணி எடுத்துட்டு வாங்க, இல்லனா இந்த வருஷம் கடன் கஷ்டம்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பக்கத்துல பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

என்ன நடந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. ரிட்டர்ன் போட்டா மட்டும் போதாது, நம்ம போனுக்கு வர்ற ஓடிபியைச் சொல்லி உறுதி செஞ்சாத்தான் அது கணக்குல சேரும். நாங்க போட்டதோ பௌர்ணமி அன்னிக்கு. கிரிவலத்துக்கு அத்தனை ஜனம் ஊருக்குள்ள எறங்கிட்டா இங்க எந்த போனும் வேலை செய்யாது. ஓடிபி வரவே இல்ல. "பரவால்லக்கா, கூட்டம் கலையட்டும், நானே கூப்பிட்டு வாங்கிக்கறேன்"னாரு தம்பி. கூப்பிடல. கொஞ்ச நாள் கழிச்சு நானே கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சுதுக்கா, கவலைப்படாதீங்க"ன்னாரு. நம்பினேன்.

பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேரா அவர் ஆபீசுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டர்ல பார்த்தாரு. "அடடா, விட்டுப்போச்சுக்கா. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போடலாம், ஒத்துக்குவாங்க"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த நிமிஷமே, அதுக்கு ஒரு தொகை சொன்னாரு. ரிட்டர்ன் போட வாங்கினதைவிட ஜாஸ்தி!

"இது கவர்ன்மென்ட்டுக்குக் கட்டற ஃபைனா தம்பி?"

"இல்லக்கா, என் சார்ஜ்."

அடப்பாவி! ஜாக்கெட்டைத் தப்பாத் தெச்ச டெய்லர்கூட பிரிச்சுத் தெக்கக் காசு கேக்க மாட்டான். அதையே கத்தினேன். ரோட்டுல போறவங்க நின்னு பார்த்தாங்க.

அவரு கத்தல. அதுதான் இன்னும் எரிச்சல். "நெட்வொர்க் இல்லாதது என் தப்பாக்கா? மனு எழுதணும், பின்னாடியே அலையணும், எனக்கும் வேலைதானே. எல்லார்கிட்டயும் இப்படித்தான் வாங்கறோம்"னாரு. நெட்வொர்க் அவர் தப்பு இல்ல, ஒத்துக்கறேன். நான் ஏதாவது பேப்பரை மறைச்சு, அதனால கோளாறு வந்திருந்தா கேட்டதைக் கொடுத்துட்டுப் போவேன், அது நியாயம். முடிஞ்சுதுன்னு வாய் கூசாம சொன்னது யாரு? தன் தப்பைத் தானே சரி பண்ண கூலி கேக்கறது எந்த ஊரு நியாயம்? இன்னிக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.

"அம்மா, விடும்மா. வெள்ளிக்கிழமை..."ன்னா பொண்ணு. வேற ஆளைத் தேட எங்க நேரம்? பணத்தை எடுத்து மேசை மேல வெச்சேன்.

அவரு எண்ணிக்கூடப் பாக்கல, டிராயர்ல போட்டுட்டு டைப் அடிக்க ஆரம்பிச்சாரு. பாதியில நிறுத்தி, சாதாரணமா என்னைப் பார்த்தாரு.

"அக்கா, தாமதத்துக்குக் காரணம் கேக்குது. நீங்க கவனக்குறைவா மறந்துட்டீங்கன்னு போடறேன். அப்பதான் சீக்கிரம் ஒத்துக்குவாங்க."

பொண்ணைப் பார்த்தேன். அவ என்னைப் பாக்காம தரையைப் பார்த்துக்கிட்டிருந்தா.

"போடுங்க"ன்னேன்.